இரண்டு புள்ளி, ஒரு கோடு

ஆரோக்கியம்மாளுக்கு முதலில் அரிப்பெடுத்தது பின்கழுத்தில். 1956-ஆம் வருடம், ஐப்பசி அடைமழை. பூவன்விடுதிப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவள், கையைப் பின்னால் கொண்டுபோய் ஜாக்கெட்டின் ஓரத்தைத் தூக்கிச் சொறிந்தாள். காயாத துணியை உடுத்தினால் வருவதுதான் என்று நினைத்தாள். சாயங்காலம் அம்மா செபமாலை தேங்காய் எண்ணெய் தடவிவிட்டாள். மறுநாள் அந்த இடம் சிவந்து தடித்து, பொடிப்பொடியாக நீர் கோத்திருந்தது.

அடுத்த வாரம் வலது இடுப்பு. கார்த்திகை பிறந்தபோது கன்னமும் கண்ணிமையும்.

தாயும் மகளும் மணமேல்குடிப் பக்கத்துக் கடற்கரைக்காரர்கள். செபமாலையின் கணவர் கடலுக்குப் போய்த் திரும்பாதவர். கருவாடு விற்று மகளை ஆசிரியப் பயிற்சி வரைக்கும் படிக்க வைத்தாள். வேலை கிடைத்தது கறம்பக்குடியிலிருந்து நாலு மைல் தள்ளி, பெரியகருப்பன் நடத்திவந்த பள்ளிக்கூடத்தில். பெரியகருப்பன் ஊரில் பெரிய சம்சாரி, நிறைய நிலபுலன் உள்ளவர். பள்ளிக்கு மேனேஜரும் அவரே. கெட்ட மனிதர் இல்லை. டீச்சர் குடியிருக்கத் தன் ஓட்டு வீடு ஒன்றைக் கொடுத்தார். படித்த பெண் குளத்துப் படியில் நின்று துணி அடிப்பது நன்றாயில்லை என்று, ஆடி மாதம் முதல் ஊர் வண்ணாத்தி இருளாயியை அந்த வீட்டுத் துணியையும் எடுத்துக்கொள்ளச் சொன்னார்.

குப்பைமேனியை அரைத்துப் பூசினார்கள். வேப்பிலையும் மஞ்சளும் பூசினார்கள். கறம்பக்குடி வைத்தியர் ரத்தம் கெட்டிருக்கிறது என்று சொல்லி, கத்திரிக்காய், புளி, கருவாடு எல்லாவற்றையும் நிறுத்தினார். ஆரோக்கியம்மாள் நாற்பத்தெட்டு நாள் உப்பில்லாக் கஞ்சியும் பாசிப்பயறும் தின்றாள். உடம்பு இளைத்ததே தவிர அரிப்பு இளைக்கவில்லை. இரவில் தன்னையறியாமல் சொறிந்துவிடக் கூடாதென்று கையிரண்டிலும் துணியைச் சுற்றிக்கொண்டு படுத்தாள். விடியும்போது துணியில் ரத்தம் இருந்தது.

"இந்த ஊர்த் தண்ணி ஒனக்கு ஒத்துக்கலை" என்றாள் செபமாலை. "கிறிஸ்மசுக்கு ஊருக்குப் போவோம். பத்து நாள் நம்ம கெணத்துல குளி. எல்லாம் போயிடும்."

போகவில்லை. பண்டிகைக்கு நல்ல சேலையாக உடுத்திக்கொண்டு கோயிலுக்குப் போன அன்று முகம் இன்னும் வீங்கியது. கோயிலில் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அத்தை மகள், கைக்குழந்தையை எடுத்துக்கொண்டு தூணுக்கு அந்தப் பக்கம் போய்விட்டாள். அப்படியானால் தண்ணீர் இல்லை. ஊர் மாறியும் போகவில்லையென்றால் நோய் தனக்குள்ளேயே இருக்கிறது என்றுதான் ஆரோக்கியம்மாள் புரிந்துகொண்டாள்.

பூவன்விடுதிக்குத் திரும்பிய அன்று சோறு போட்டபோது, அம்மா அவளுடைய கும்பாவைத் தனியாக எடுத்து வைத்ததைப் பார்த்தாள். கழுவும்போதும் அது தனியாகவே கழுவப்பட்டது.

"அம்மா, நீயுமா?"

செபமாலை திரும்பிப் பார்க்கவில்லை. "எனக்குன்னு நெனைச்சியா? நானும் படுத்துட்டா ஒன்னைப் பார்க்க யாரு இருக்கா?" என்று அடுப்பைப் பார்த்துச் சொன்னாள். பிறகு அழுதாள்.

பெருவியாதி என்ற சொல்லை ஊரில் யார் முதலில் சொன்னார்களோ தெரியாது. தை மாதம் அவள் வகுப்பில் முப்பத்தொரு பிள்ளைகள் இருந்தார்கள். மாசி பிறந்தபோது பதினான்கு. வந்த பிள்ளைகளும் சிலேட்டை நீட்டுவதற்குப் பதிலாகத் தரையில் வைத்துவிட்டு இரண்டடி தள்ளி நின்றார்கள். இருளாயியும் வருவதை நிறுத்தினாள். டீச்சர் துணியோடு எங்கள் துணியைச் சேர்த்து வெள்ளாவி வைத்தால் உனக்கு இந்த ஊரில் வேலையில்லை என்று நாலைந்து வீடுகளில் சொல்லிவிட்டார்களாம். அன்று முதல் செபமாலை வீட்டிலேயே துணி துவைத்தாள்.

ஒருநாள் மேனேஜர் பெரியகருப்பன் வீட்டு வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை.

"டீச்சர், நான் ஒங்களை ஒண்ணும் சொல்லலை. ஊரு சொல்லுது. புதுக்கோட்டை பெரியாஸ்பத்திரிக்குப் போயி, அந்த நோய் இல்லைன்னு ஒரு காகிதம் வாங்கியாந்துடுங்க. பங்குனி கடைசிக்குள்ள கொண்டாந்துட்டா வேலைக்கு ஒண்ணும் வராது."

ஆஸ்பத்திரியில் காது மடலைக் கீறி ரத்தம் எடுத்தார்கள். பஞ்சால் தொட்டு, தெரிகிறதா தெரிகிறதா என்று கேட்டார்கள். எல்லா இடத்திலும் தெரிந்தது. அவள் பட்ட பாடே அதுதானே. பத்து நாள் படுக்கையில் சேர்த்தார்கள். ஆஸ்பத்திரிச் சேலை, ஆஸ்பத்திரிச் சோறு, ஏதோ ஒரு வெள்ளைக் களிம்பு. நாலாம் நாள் அரிப்பு குறைந்தது. எட்டாம் நாள் கண்ணிமை பழையபடி ஆனது. பக்கத்துக் கட்டிலில் இருந்த அம்மாளிடம் கண்ணாடி கேட்டு வாங்கி, தன் முகத்தையே நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

டாக்டர் கடிதம் எழுதிக் கொடுத்தார். தொழுநோய் இல்லை. கொடுக்கும்போது ஒன்று சொன்னார்.

"என் மருந்துல கொணமாச்சுன்னு சத்தியம் பண்ண மாட்டேம்மா. ஏதோ ஒரு சாமான் ஒங்க ஒடம்புக்கு ஆகலை. இங்கே அது இல்லை, அதனால ஆறுச்சு. வீட்டுக்குப் போனா திரும்பியும் வரலாம். ஒங்க மேல எதெல்லாம் படுதுன்னு பாருங்க. ஒவ்வொண்ணா நிறுத்துங்க. அதைக் கண்டுபிடிக்க என்னால முடியாது, ஒங்களாலதான் முடியும்."

அவள் காதில் பாதிதான் விழுந்தது. குணமாகிவிட்டது என்பது மட்டுமே மனதில் நின்றது. கொண்டுவந்திருந்த மூட்டையை அவிழ்த்துத் தன் சேலையை உடுத்திக்கொண்டு, கடிதத்தை நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு பஸ் ஏறினாள். திங்கட்கிழமை பள்ளிக்குப் போனாள். பிள்ளைகள் அவள் முகத்தைப் பார்த்தார்கள். கண்ணாத்தாள் என்ற சின்னப் பெண் கிட்ட வந்து சிலேட்டைக் கையில் கொடுத்தாள். செவ்வாய்க்கிழமை மத்தியானம் கன்னம் அரிக்க ஆரம்பித்தது. புதன்கிழமை இடது கண் திறக்கவில்லை.

பெரியகருப்பன் கடிதத்தை இரண்டு முறை படித்தார்.

"காயிதம் ஒண்ணு சொல்லுது. மூஞ்சி வேற சொல்லுது. நான் எதை நம்ப, நீங்களே சொல்லுங்க."

அவள் கடிதத்தைத் திரும்ப வாங்கி நாலாக மடித்தாள்.

அப்போதுதான் டாக்டர் சொன்ன மீதிப் பாதி நினைவுக்கு வந்தது. பங்குனி முடிய மூன்று வாரமே இருந்தது. முதலில் சோப்பை நிறுத்திப் பயற்றமாவு போட்டுக் குளித்தாள். நாலு நாள் பார்த்தாள், நிற்கவில்லை. தலைக்கு வைக்கும் எண்ணெயை நிறுத்தினாள். பாயைத் தூக்கி எறிந்துவிட்டு வெறுந்தரையில் படுத்தாள். முகத்துக்குப் போடும் பவுடரைச் சாக்கடையில் கொட்டினாள். சாக்குக்கட்டி மேல் சந்தேகம் வந்து, அதை வாழைச் சருகில் சுற்றிப் பிடித்து எழுதினாள். கழுத்திலிருந்த மாதா மணிமாலையைக் கழற்றியபோது அம்மா அலறினாள்.

"அதையுமா? மாதாவா ஒனக்கு அரிப்புக் குடுப்பா?"

"யாரு குடுக்கிறான்னு எனக்குத் தெரியலையே அம்மா!" என்று இவளும் கத்தினாள். "தெரிஞ்சா விட்டுட மாட்டேனா? கழுத்தை அறுத்துப் போட்டாத்தான் நிக்கும்னா அதையும் செய்வேன்."

அன்று சாயங்காலம் குளத்துக்குப் போனவள், தண்ணீரில் இடுப்பளவு இறங்கி நின்றாள். குளிர்ச்சியில் அரிப்பு அடங்கியது. இன்னும் நாலு அடி போனால் எல்லாமே அடங்கிவிடும் என்று தோன்றியது. எவ்வளவு நேரம் அப்படி நின்றாளோ, கரையில் அம்மா பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே ஓடிவந்தாள். கூப்பிட்ட குரலில் இருந்த நடுக்கம்தான் அவளைத் திருப்பியது. அன்றிலிருந்து செபமாலை மகளைத் தனியே விடவில்லை. கும்பாவும் தனியாக வைக்கப்படவில்லை.

சொறிந்து சொறிந்து ஜாக்கெட்டுகளின் கழுத்துப் பக்கம் நைந்து போயிருந்தது. பெட்டியில் மிச்சமிருந்த வெள்ளைத் துணியில் செபமாலை இரண்டு புது ஜாக்கெட் தைத்துக் கொடுத்தாள். அதைத்தான் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தாள் ஆரோக்கியம்மாள். ஆறேழு நாள் கழித்துத் தலை வாரிவிடும்போது அம்மா சீப்பை நிறுத்தினாள்.

"ஏடி, கழுத்துல ஆறியிருக்கே!"

"ஆறியிருக்கா?"

"பொருக்கெல்லாம் காய்ஞ்சு போச்சு. தொடு, நீயே தொட்டுப் பாரு."

தொட்டாள். தோல் சொரசொரப்பாக இருந்தது, ஈரமில்லை. ஆனால் கன்னம் எரிந்தது. இடுப்பும் எரிந்தது. ஒரே உடம்பு, ஒரே ரத்தம். ரத்தம் கெட்டிருந்தால் கழுத்து மட்டும் எப்படி ஆறும்?

பழைய ஜாக்கெட்டையும் புதியதையும் எடுத்துக்கொண்டு வெளிச்சத்துக்குப் போனாள். ஒரே கடைத் துணி. தைத்ததும் அம்மாதான். இப்போது துவைப்பதும் அம்மாதான். இரண்டையும் உட்புறம் வெளியே வரும்படி திருப்பிப் பார்த்தாள். பழையதில், பின்கழுத்து படும் இடத்தில், கறுப்பாக இரண்டு புள்ளி, ஒரு கோடு. இருளாயி போட்ட குறி. எந்தத் துணி எந்த வீட்டுத் துணி என்று தெரிவதற்காக வண்ணாத்தி வைக்கும் அடையாளம். புதியதில் அது இல்லை, இருளாயி கைக்கு அது போகவேயில்லை.

ஆரோக்கியம்மாள் ஜாக்கெட்டைக் கீழே போட்டாள். உடுத்தியிருந்த சேலையின் உள்முனையை இடுப்பிலிருந்து உருவினாள். வலது இடுப்பில் செருகும் மூலையில் இரண்டு புள்ளி, ஒரு கோடு. கைக்குட்டையை எடுத்தாள். நாள் முழுக்க முகம் துடைக்கும் கைக்குட்டை. மூலையில் அதே குறி.

"அம்மா!" என்றாள். கைக்குட்டையை அவள் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

இருளாயியின் வீடு ஊருக்குக் கிழக்கே, குளத்தங்கரையில். உச்சிவெயிலில் ஜாக்கெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நிற்கும் டீச்சரைப் பார்த்ததும், வெள்ளாவி அடுப்புக்கு விறகு தள்ளிக்கொண்டிருந்த இருளாயி எழுந்தாள். நாற்பது வயசிருக்கும். அவள் கண் முகத்தைப் பார்க்காமல் நேரே அந்த ஜாக்கெட்டுக்குப் போனது.

"இந்தக் குறி எதுல போடுறே இருளாயி?"

இருளாயி கையிலிருந்த விறகைக் கீழே வைத்தாள்.

"எதுல போடுறேன்னு கேக்குறேன்."

"சேங்கொட்டைங்க. ஊசியால குத்தி, சாத்தைத் தொட்டு வச்சு, மேல சுண்ணாம்பு தடவுவோம். எத்தனை வெளுப்பு வெளுத்தாலும் போகாது."

"அது சில பேருக்கு ஆகாதா?"

இருளாயி அடுப்பைப் பார்த்தாள். "என் கொழுந்தனுக்கு ஆகாது. அந்த மரத்தடியில ஒதுங்குனாலே மூஞ்சி வீங்கிடும்."

"அப்ப ஒனக்குத் தெரியும்."

"தை மாசம் சேலை செருகுற எடத்துல ஒங்க இடுப்பு புண்ணாயிருந்ததைப் பார்த்தப்பவே மனசுல தட்டுச்சுங்க."

ஆரோக்கியம்மாள் அடிக்கப்போகிறவள்போல ஓரடி முன்னால் வந்தாள். "ரெண்டு மாசம்! என் மூஞ்சியைப் பாரு. குளத்துல விழப் போனேன், தெரியுமா? ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"பார்த்துக்கிட்டுத்தாங்க இருந்தேன். அதான் ஒங்க தெருப் பக்கமே வராம இருந்தேன்." இருளாயியின் குரல் உடைந்தது. "வண்ணாத்தி வச்ச குறியில வியாதி வந்துச்சுன்னு ஊருக்குத் தெரிஞ்சா எவ துணி போடுவா? எங்க வீட்டுக்காரரைக் கட்டி வச்சு அடிப்பாங்க. கஞ்சி ஊத்துறது இந்த ஊருதாங்க டீச்சரம்மா. எனக்கு வேற ஊரு இல்லை. ஒங்களுக்கு வேற பள்ளிக்கூடம் கெடைக்கும்னு நெனைச்சேன்."

"பெருவியாதிக்காரின்னு பேர் வாங்குனவளுக்கு எந்தப் பள்ளிக்கூடம் கெடைக்கும்?"

இருளாயி தரையில் உட்கார்ந்து அவள் காலைப் பிடித்தாள். யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று கெஞ்சினாள். ஆரோக்கியம்மாள் காலை விடுவித்துக்கொண்டு நடந்தாள். கோபம் இருந்தது, ஆனால் அந்தப் பயம் எப்படிப்பட்டது என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. நாலு மாதமாக அவளும் அதில்தான் குடியிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் கேட்டுக்கொண்டபடி பள்ளிக்கூடத்தில் பெரியகருப்பனும் ஊர்க்காரர்கள் ஏழெட்டுப் பேரும் கூடினார்கள். பங்குனி முடிய இன்னும் ஐந்து நாள் பாக்கி. கறம்பக்குடி நாட்டுமருந்துக் கடையில் வாங்கிய நாலு சேங்கொட்டையை ஆரோக்கியம்மாள் மேசைமேல் வைத்தாள். இருளாயி பேரை எடுக்கவில்லை.

"துணிக்குக் குறி போடுற சாறு இது. ஒங்க எல்லாருக்கும் ஒண்ணும் செய்யாது. என் ஒடம்புக்கு மட்டும் ஆகலை. நோயும் இல்லை, தொத்தும் இல்லை. நம்பலைன்னா இப்பவே என் கையில போட்டுக் காட்டுறேன். மூணு நாள் பொறுத்துப் பாருங்க."

கொட்டையில் ஊசியைக் குத்தினாள். அது வழுக்கியது. மறுபடி குத்தினாள். கறுப்பாகச் சாறு கசிந்தது. முழங்கைக்குக் கீழே வைக்கப்போனபோது வாசலில் நின்ற கும்பலுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

"வைக்காதீங்க டீச்சரம்மா!"

இருளாயி கும்பலைத் தள்ளிக்கொண்டு வந்தாள். பள்ளிக்கூடத்துக்குள் அவள் அதுவரை காலெடுத்து வைத்ததில்லை.

"தோலுல நேரா வச்சா யாருக்கா இருந்தாலும் வேகும். அதுல என்ன தெரியும்? இங்கிட்டுக் குடுங்க. துணியில வச்சு, சுண்ணாம்பு போட்டு, காய்ஞ்சதுக்கப்புறம் கட்டணும். ஒங்க சேலையில எப்படி இருந்துச்சோ அப்படி."

மடியிலிருந்து சுண்ணாம்பு டப்பாவை எடுத்தாள். வெள்ளைத் துணியைக் கிழித்து மூன்று துண்டாக்கி, மூன்றிலும் இரண்டு புள்ளி, ஒரு கோடு போட்டாள். காய்ந்ததும் ஒன்றை டீச்சர் கையில் கட்டினாள். ஒன்றைத் தன் கையில் பல்லால் இழுத்துக் கட்டிக்கொண்டாள். மூன்றாவது யாருக்கு என்று கேட்பதுபோல நிமிர்ந்தாள். ஊர்க்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். செபமாலை வந்து கையை நீட்டினாள்.

"அப்படின்னா நம்ம துணியிலயும் இந்தச் சாறுதானா?" என்றார் பெரியகருப்பன்.

"ஒங்க தோள்ல கெடக்குற துண்டுலயும் இதே சாறுதாங்க. பத்து வருசமா நான்தான் குறி போடுறேன்."

பெரியகருப்பன் துண்டை எடுத்து மூலையைப் பார்த்தார். பிறகு அதைத் தோளில் போடுவதா வேண்டாமா என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டார்.

மறுநாள் சாயங்காலமே கட்டுக்குக் கீழே தீ வைத்ததுபோல எரிந்தது. ஆரோக்கியம்மாள் அவிழ்க்கவில்லை. இரண்டாம் இரவு காய்ச்சல் வந்தது. கை முழங்கை வரை வீங்கியது. போதும், அவிழ்த்துவிடு என்று அம்மா அழுதாள். "அவுத்தா நாளைக்கு எதைக் காட்டுறது?" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். புதன்கிழமை காலையில் எல்லார் முன்னாலும் மூன்று கட்டுகளையும் அவிழ்த்தார்கள். இருளாயியின் கையில் ஒன்றுமில்லை. செபமாலையின் கையில் இலேசான கறை. ஆரோக்கியம்மாளின் கையில் கொப்புளம் எழும்பி நின்றது. இரண்டு புள்ளி, ஒரு கோடு. சாயாமல், அச்சில் எடுத்ததுபோல.

பெரியகருப்பன் குனிந்து பார்த்தார். "போதும், கட்டிக்கங்க டீச்சர்" என்றார். "திங்கக்கிழமை வாங்க."

அதோடு எல்லாம் நேராகிவிடவில்லை. திங்கட்கிழமை ஒன்பது பிள்ளைகள் வந்தார்கள். பள்ளி விடுமுறை விடுவதற்குள் இருபத்திரண்டு. மீதிப் பேரின் பெற்றோர்கள் கண்ணால் பார்த்தும் நம்பவில்லை. சிலர் பிள்ளைகளைக் கறம்பக்குடிக்கே நடத்தி அனுப்பினார்கள். இருளாயி பயந்ததும் பாதி நடந்தது. ஆறு வீடுகளில் துணி போடுவதை நிறுத்தினார்கள். அவள் புருஷன் ஆண்டியப்பன் அவளோடு ஒரு மாதம் பேசவில்லை. ஆரோக்கியம்மாள் அந்த ஆறு வீடுகளுக்கும் நடந்தாள். மூன்று வீட்டில் கேட்டார்கள். மூன்று வீட்டில் வாசலோடு அனுப்பினார்கள். இருளாயியை அவள் மன்னித்தாளா என்று அவளுக்கே தெரியாது. வழியில் பார்த்தால் இருவரும் நின்று பேசுவார்கள். அந்த இரண்டு மாதத்தைப் பற்றி மட்டும் பேச மாட்டார்கள்.

குறி இருந்த துணிகளிலெல்லாம் அந்த இடத்தை மட்டும் வெட்டிப் புதைத்தார்கள். முகம் ஒரு மாதத்தில் தெளிந்தது. கையிலும் இடுப்பிலும் கறுத்த தழும்பு நின்றுவிட்டது.

வைகாசியில் மணமேல்குடிக்குப் போயிருந்தபோது, அத்தை மகள் ஒரு கூடை மாம்பழம் கொண்டுவந்து வைத்தாள். ஆரோக்கியம்மாள் ஒன்றை எடுத்துத் தோலோடு கடித்தாள். கொஞ்ச நேரத்தில் உதடு தடித்து ஊறியது. அம்மா பார்த்துவிட்டு மார்பில் கை வைத்துக்கொண்டாள்.

"ஐயோ, திரும்பியும் வந்துடுச்சா?"

"பதறாதேம்மா" என்றாள் அவள். பழத்தைக் கீழே வைத்தாள். வாயை நன்றாகக் கழுவினாள். கண்ணாடியில் உதட்டைப் பார்த்தாள். பிறகு இன்னொரு பழத்தை எடுத்து அம்மாவிடம் நீட்டினாள்.

"இதுலயும் அந்தச் சாறு மாதிரி ஏதோ இருக்கு போல. இதைத் தோல் சீவிக் குடு. நாளைக்கு ஒரு துண்டு தின்னு பார்க்கிறேன். தோலா, பழமான்னு தெரியட்டும்."